சென்சாரில் தூசி: எதைக் கொண்டு துடைக்கலாம், எப்போது நிறுத்தலாம்

பழையதாக வாங்கிய ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவில் எடுத்த கடற்கரைப் படங்களில், வானம் வரும் பகுதியில் எப்போதும் அதே இடங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஸ்வாப் (குச்சி நுனியில் துணி சுற்றிய துடைப்பான்) பெட்டியை வாங்கி, ஒளியைப் படமாகப் பதியும் சில்லான (சிப்) சென்சாரை நீங்களே துடைத்துவிடலாமா, ஒட்டும் ஜெல் குச்சி மேலானதா, அல்லது எதையும் தொடாமல் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுவதுதான் நல்லதா என்பது உங்கள் கேள்வி. பொருளை மட்டும் வைத்து இந்த மூன்றில் எது பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. என்ன படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே வழி அமையும். காற்றடித்தாலே போய்விடக்கூடிய தூசியை முதல் வேலையாகவே ஈர ஸ்வாபால் துடைப்பவர்கள்தாம் பெரும்பாலும் கேமராவைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே தொடாத வழியில் தொடங்கி, அது போதாதபோது மட்டும் அடுத்த படிக்குப் போகும் வரிசையிலேயே விளக்குகிறேன்.

முதலில் ஒரு பயத்தைக் குறைத்துவிடலாம். லென்ஸைக் கழற்றியதும் உள்ளே பளபளப்பது சென்சார் சில்லின் மேற்பரப்பு அன்று. சில்லுக்கு முன்னால் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் வடிகட்டி, பல கேமராக்களில் லோ-பாஸ் வடிகட்டி (நெருக்கமான கோடுகளில் பொய் வடிவங்கள் தோன்றாமல் தடுப்பது), காப்புக் கண்ணாடி என அடுக்காக ஒரு கண்ணாடித் தொகுதி இருக்கிறது. தூசி படிவதும் நாம் துடைப்பதும் அதன் வெளிப்பரப்பில்தான். அதற்காகப் பயத்தை முழுவதுமாக விட்டுவிடவும் கூடாது. சில லோ-பாஸ் வடிகட்டிகளில் பயன்படும் லித்தியம் நியோபேட் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் ஏறத்தாழ 5. சாதாரணக் கண்ணாடி ஐந்தரை. தெருப் புழுதியிலும் கடற்கரை மணலிலும் நிறைந்திருக்கும் குவார்ட்ஸோ 7. போதாக்குறைக்கு, கண்ணாடியின் மேல் எதிரொளிப்பைக் குறைக்கப் பூசியிருக்கும் படலங்கள் மிக மிக மெல்லியவை. ஸ்வாபின் துணி கண்ணாடியைக் கீறுவதில்லை. துணிக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒற்றை மணல் துகள்தான் கீறுகிறது. மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்தே மங்கலாக்கிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புள்ளிகள் சில படங்களில் மட்டும் தெரிவதற்கும் காரணம் இந்தக் கண்ணாடித் தொகுதிதான். படத்தில் விழுவது தூசியின் நிழலே. தூசி இருக்கும் வெளிப்பரப்புக்கும் சில்லுக்கும் இடையே 2 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம்; சோனியின் ஃபுல் ஃபிரேம் கேமராக்களில் தொகுதியின் தடிமன் ஏறத்தாழ அவ்வளவுதான். கண்ணாடிக்குள் ஒளி விலகுவதைக் கணக்கில் சேர்க்காமல் தோராயமாகப் பார்த்தால், எஃப்/2 அபர்ச்சரில் (லென்ஸின் ஒளித் துளை; எண் கூடினால் துளை சிறியது) ஒரு பிக்சலுக்கு வந்து சேரும் ஒளிக் கூம்பு அந்த வெளிப்பரப்பில் 1 மி.மீ. அகலம் கொண்டிருக்கும், எஃப்/16-இல் அதே கூம்பு 0.125 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். 0.05 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு துகள் முதல் நிலையில் 400-இல் ஒரு பங்கு ஒளியை மறைக்கிறது. இரண்டாவது நிலையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை மறைக்கிறது. திருமண வீட்டில் எஃப்/2.8-இல் எடுத்த படங்களில் ஒன்றுமே தெரியாமல், கடற்கரையில் எஃப்/16-இல் எடுத்ததும் வானமெல்லாம் புள்ளியாகத் தெரிவது இதனால்தான். அபர்ச்சரைப் பெரும்பாலும் திறந்தே வைத்து முகங்களை மட்டும் எடுப்பவர் இந்தத் தூசியோடு ஆண்டுக்கணக்கில் வாழலாம். சுத்தம் செய்ய வேண்டுமா என்ற கேள்வியே எப்படியான படங்களை எடுக்கிறீர்கள் என்பதில்தான் தொடங்குகிறது; ஒன்றிரண்டு புள்ளிகளைக் கணினியில் அழித்துவிடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு சோதனைப் படம் எடுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்/16 அல்லது எஃப்/22. ஆட்டோ ஃபோகஸை நிறுத்திவிட்டு வேண்டுமென்றே ஃபோகஸ் தப்பும்படி வளையத்தைத் திருப்பிக்கொண்டு, வெள்ளைச் சுவரையோ, மேகமற்ற வானத்தையோ, கணினித் திரையில் திறந்த வெற்று வெள்ளைப் பக்கத்தையோ எடுக்க வேண்டும். ஷட்டர் நேரம் அரை வினாடி, ஒரு வினாடி என்று நீண்டால் கவலை வேண்டாம். அந்த நேரத்தில் கேமராவை இலேசாக அசைப்பது நல்லதே, ஏனெனில் சுவரின் கறைகள் அழிந்து சென்சாரோடு ஒட்டியவை மட்டும் கூர்மையாக நிற்கும். படத்தைக் கணினியில் திறந்து கான்ட்ராஸ்டை உயர்த்திப் பாருங்கள். மேல் இடது மூலையில் தெரியும் புள்ளி, கேமராவை நிமிர்த்தி வைத்து முன்னாலிருந்து உள்ளே பார்க்கும்போது கீழ் இடது மூலையில் இருக்கும். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாகவும் இடம் வலமாகவும் திருப்பிவிடுகிறது. நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதால் இடம் வலம் சரியாகி, மேல் கீழ் மட்டும் மாறி நிற்கிறது. இது தெரியாமல் தூசி இல்லாத மூலையையே திரும்பத் திரும்பத் துடைப்பவர்கள் உண்டு.

புள்ளியின் உருவத்தைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். எல்லா அபர்ச்சரிலும் ஒரே கூர்மையோடு சிவப்பாகவோ பச்சையாகவோ வெள்ளையாகவோ மின்னும் ஒற்றைப் புள்ளி தூசியன்று. அது பழுதான பிக்சல். டிஎஸ்எல்ஆரின் (உள்ளே மிரர் வைத்த கேமரா) வ்யூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சாளரத்தில், தெரிந்து படத்தில் தெரியாதது, மிரரிலிருந்து காட்சி வந்து விழும் ஃபோகஸிங் ஸ்கிரீனில் இருக்கும் தூசி. அதை அப்படியே விட்டுவிடுங்கள். லென்ஸை மாற்றி எடுத்த படத்திலும் அதே இடத்தில் இருந்தால் குற்றவாளி சென்சார் பக்கம்தான். ஓரம் ஒழுங்கற்ற கரும்புள்ளியோ, சுருண்ட நூல் போன்ற கோடோ பெரும்பாலும் உலர்ந்த தூசி அல்லது இழை. அது காற்றுக்குப் போகும். சுத்தமான வட்டமாக, நடுவில் சற்று வெளிறி, விளிம்பில் இருண்டு தெரிவது எண்ணெய்த் துளி அல்லது காய்ந்த ஈரத் துளி. அதற்கு எவ்வளவு காற்றடித்தாலும் பயன் இல்லை. கடற்கரையில் லென்ஸ் மாற்றியிருந்தால், உப்புச் சாரல் காய்ந்த தடமும் இந்த இரண்டாம் வகையில்தான் சேரும்.

எண்ணெய்த் துளியைப் பற்றிச் சொல்லும்போது நிக்கான் டி600-ஐ நினைக்காமல் இருக்க முடியாது. 2012-இல் வெளிவந்த அந்தக் கேமராவில் படத்தின் மேல் இடது பகுதியில் புள்ளிகள் குவிவதாக வாங்கியவர்கள் பலரும் புகார் சொன்னார்கள். 2013 பிப்ரவரியில் நிக்கான் அதை ஏற்று அறிவிப்பு வெளியிட்டது. 2014 மார்ச் 15 அன்று சீன அரசுத் தொலைக்காட்சி இதை எடுத்துக் காட்டியதும் ஷாங்காய் அதிகாரிகள் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். உத்தரவாதக் காலம் முடிந்த கேமராக்களுக்கும் இலவசமாகச் சுத்தம் செய்து, தேவையானால் ஷட்டரையே மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அந்தக் கேமராவை வைத்திருந்தவர் எவ்வளவு திறமையாக ஸ்வாப் போட்டிருந்தாலும் அடுத்த சில நூறு படங்களில் புள்ளிகள் திரும்பியிருக்கும், ஏனெனில் ஊற்று உள்ளே இருந்தது. உங்கள் கேமராவிலும் சுத்தம் செய்த சில நாள்களில் அதே மூலையில் வட்டப் புள்ளிகள் திரும்பி வந்தால், துடைப்பதை நிறுத்திவிட்டு ஷட்டரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

இன்னொரு வகை இதைவிடப் பொல்லாதது. 2009-இல் வந்த லைகா எம்9-இல் சென்சாரின் காப்புக் கண்ணாடியே காலப்போக்கில் அரிக்கப்பட்டது. படத்தில் அது ஒளிவட்டம் சூழ்ந்த சிறு புள்ளியாகத் தெரிந்ததால், எண்ணெய் என்று நினைத்துத் துடைத்தவர்கள் பலர். 2014-இல் லைகா குறையை ஒப்புக்கொண்டு பின்னர் பழுதில்லாத சென்சார்களைப் பொருத்தித் தந்தது. எந்தத் திரவத்துக்கும் கரையாத புள்ளியைக் கண்டால், அழுத்தத்தைக் கூட்டுவதை விட்டு, அது அழுக்குதானா என்று சந்தேகப்படுவதே சரி. ஈரப்பதம் மிகுந்த நம் கடலோர ஊர்களில், ஆண்டுக்கணக்கில் பீரோவுக்குள் பூட்டி வைத்த கேமராக்களின் கண்ணாடியில் பூஞ்சை இழைகள் படர்வதுண்டு. கிளை பிரிந்த கோடுகளாக அது தெரியும். அதுவும் வீட்டில் செய்யக்கூடிய வேலை அன்று.

இனிச் செயலுக்கு வருவோம். வேலை செய்யும் அறையில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சொல்வதற்கு எளிது, மே மாதத்தில் செய்வதற்குக் கடினம். ஆனால் சுழலும் விசிறியின் கீழே கேமராவைத் திறந்து வைப்பது இருக்கும் தூசியோடு இன்னும் கொஞ்சத்தைச் சேர்ப்பதற்கே உதவும். பெருக்கி அரை மணி நேரம் ஆகாத அறையும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்த தரையும் மேசையும் நல்லவை. முழங்கை வரை கழுவிய கைகள், இழை உதிராத சட்டை, முகப்பவுடர் இல்லாத முகம். நெற்றியில் பூசிய விபூதி குனிந்தால் உதிரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், சிரிக்க வேண்டாம். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும்.

கேமராவுக்குள்ளேயே இருக்கும் அதிர்வுத் துப்புரவை முதலில் பயன்படுத்துங்கள். 2003-இல் ஒலிம்பஸ் ஈ-1 இதைத் தொடங்கி வைத்தது. சென்சாருக்கு முன்னால் இருக்கும் மெல்லிய வடிகட்டியை வினாடிக்கு 30,000 முறைக்கு மேல் அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு அது. கேனான் 2006-இல் 400டி-யிலும், நிக்கான் 2007-இல் டி300-இலும் தம் வழிகளைக் கொண்டுவந்தன. உதறப்பட்ட தூசி கீழே விழ வேண்டும் என்பதால், இதை இயக்கும்போது கேமராவை மேசைமேல் நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று கேனானின் கையேடு சொல்கிறது. மடியில் மல்லாத்தி வைத்து இயக்கினால் தூசி எழும்பி அதே இடத்தில் உட்காரும். எண்ணெய்க்கும் காய்ந்த துளிக்கும் இது பயன்படாது.

அடுத்தது புளோயர், உங்கள் பணத்தை முதலில் செலவிட வேண்டிய பொருள் இதுதான். அடிப்பக்கத்தில் தனி வால்வு வழியே காற்றை உறிஞ்சி, மூக்கு வழியே மட்டும் வெளியேற்றும் பெரிய ரப்பர் குமிழாகப் பார்த்து வாங்குங்கள். வால்வு இல்லாத மலிவுக் குமிழ்கள் ஊதிய வாய் வழியாகவே கேமராவுக்குள்ளிருக்கும் தூசியை உறிஞ்சி அடுத்த அழுத்தலில் திருப்பித் துப்பும். புதிய குமிழுக்குள் உற்பத்தியின்போது தங்கிய பொடி இருக்கலாம். ஆகவே முதலில் கேமராவைவிட்டு விலகி இருபது முப்பது முறை வெற்றாக ஊதிவிடுங்கள். பிறகு கேமராவைக் கவிழ்த்து, மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) தரையைப் பார்க்கும்படி தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கீழேயிருந்து ஊதுங்கள். முதலில் மவுண்டின் உலோக வளையத்தையும் கேமராவின் உள்ளறைச் சுவர்களையும் ஊதிவிட்டு, அதன் பின்பே சென்சாரை ஊத வேண்டும். வரிசை மாறினால் சுவரில் இருந்தது சென்சாரில் போய் உட்காரும். புளோயரின் மூக்கு மவுண்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. கை வழுக்கினால் இடிபடுவது கண்ணாடியோ ஷட்டரோதான். ஊதியதும் பாடி கேப்பையோ (லென்ஸ் இல்லாதபோது கேமராவுக்கு மாட்டும் மூடி) லென்ஸையோ மாட்டிவிட்டு மறுபடி சோதனைப் படம் எடுங்கள்.

பத்தில் ஏழெட்டுப் பேருடைய வேலை இதோடு முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. நிக்கானின் டிஎஸ்எல்ஆர் கையேடுகள் பயனர்களை இந்த எல்லையோடு நிறுத்திவிடுகின்றன. புளோயரின் முனையில் தூரிகை இருந்தால் அதன் மயிர்கள் வடிகட்டியைக் கெடுக்கும், தூரிகை இல்லாத புளோயரே வேண்டும், அதற்குப் போகாத அழுக்கை அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிட வேண்டும் என்பதே அவற்றின் அறிவுரை. நிறுவனம் தன் பாதுகாப்புக்காக எழுதிய வரி என்று அதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. ஓரளவுக்கு உண்மைதான், ஆனால் அந்த எல்லைக்கு அப்பால் நடக்கும் சேதம் உத்தரவாதத்துக்குள் வராது என்பதும் அதே வரியின் பொருள்தானே.

காற்று வேண்டும் என்பதற்காக அழுத்தக் காற்று டப்பாவைத் தேட வேண்டாம். அதில் இருப்பது காற்றன்று, திரவமாக்கப்பட்ட வாயு. டப்பா சற்றுச் சாய்ந்தாலும் குலுங்கினாலும் உறைகுளிரான திரவம் தெறித்து, கண்ணாடியில் படலமாக ஒட்டிக்கொள்ளும். கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் நீரும் கலந்து வரும்; அதன் வேகம் ஷட்டரின் மெல்லிய இதழ்களை வளைத்துவிடவும் கூடும். வாயால் ஊதினால் எச்சில் துளி படும். தூசியை எடுக்கப் போய்க் கறையைச் சேர்த்துக்கொள்ளும் வழி அது.

காற்றுக்கு அசையாமல், ஆனால் உலர்ந்தே இருக்கும் துகளுக்கு இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, நிலைமின் ஏற்றிய மென்மையான தூரிகை. கனடாவின் விசிபிள் டஸ்ட் நிறுவனம் இதைச் சிறு மோட்டாரில் பொருத்தி விற்கிறது. கேமராவுக்கு வெளியே சுழலவிட்டு, நிறுத்திய பின்பே உள்ளே கொண்டுபோய் ஒருமுறை இலேசாக வருட வேண்டும். சென்சாரின் ஓரத்தைத் தாண்டி உள்ளறைச் சுவரில் இருக்கும் மசகு எண்ணெயைத் தூரிகை தொட்டுவிட்டால், அடுத்த வருடலில் அந்த எண்ணெய் முழுக் கண்ணாடிக்கும் பரவும். பழகிய கைகளுக்கு நல்ல கருவிதான். முதன்முறை செய்பவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

மற்றது நீங்கள் கேட்ட ஜெல் குச்சி. பென்டாக்ஸ் நிறுவனமே தன் பெயரில் இதை விற்றிருக்கிறது என்பதால், இது ஏதோ வீட்டு வைத்தியம் அன்று. குச்சியின் நுனியில் இருக்கும் ஒட்டும் ஜெல்லைக் கண்ணாடியில் மெதுவாக ஒற்றி எடுத்து, கூட வரும் ஒட்டுத்தாளில் அழுத்தி, பிடித்த தூசியை அங்கே விட்டுவிட்டு, மறுபடி ஒற்ற வேண்டும். இழுக்கவும் தேய்க்கவும் கூடாது. உலர்ந்த துகளுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. துகள் இழுபடாமல் மேல்நோக்கி எடுக்கப்படுவதால் கீறல் பயமும் குறைவு. ஆனால் எண்ணெயின் மேல் ஒற்றினால் ஜெல் கெட்டு, அடுத்த ஒற்றலில் எண்ணெயை வேறிடத்தில் அச்சுப் பதிக்கும். போலிகள் மலிந்த பொருள் என்பதுதான் பெரிய சிக்கல். நல்ல ஜெல் தடயம் விடாது. மட்டமான ஜெல் விட்டுப்போகும் பிசுக்கைப் போக்கக் கடைசியில் ஈர ஸ்வாப்தான் தேவைப்படும். உங்கள் கேமரா மாடலுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொல்லாத ஜெல்லை வாங்காதீர்கள்.

எண்ணெய்த் துளி, உப்புத் தடம், காய்ந்த நீர்த்துளி ஆகியவற்றுக்கு ஈரத் துடைப்பைத் தவிர வேறு வழி இல்லை. இங்கே திரவம், ஸ்வாப், கை மூன்றும் சரியாக அமைய வேண்டும். திரவத்தைப் பற்றியே முதலில் எச்சரிக்கிறேன். லென்ஸ் துடைக்கும் திரவத்தில் சோப்புத் தன்மையுள்ள பொருள்கள் இருக்கலாம். அவை ஆவியாகாமல் படலமாகத் தங்கும். கைச் சானிடைசரில் கிளிசரின் சேர்ப்பதுண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மீதி பெரும்பாலும் நீர். காய்ந்ததும் வளைய வளையமாகத் தடம் விடும். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் பசையையும் கரைக்கும். சென்சாருக்கென்றே விற்கும் திரவத்தை வாங்குவதைவிட இவற்றில் எதுவும் மலிவன்று, கெட்டுப்போகும் பொருளின் விலையை நினைத்தால். அப்படி விற்பவற்றில் பெயர்பெற்ற எக்லிப்ஸ் மிகத் தூய மெத்தனால். சட்டென்று ஆவியாகித் தடம் விடாமல் போவது அதன் நன்மை. அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பல உயிர்களைக் குடித்த கள்ளச்சாராயத்தில் இருந்ததும் மெத்தனால்தான். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும், எளிதில் தீப்பற்றும், விமானத்தில் கொண்டுபோக முடியாது. சன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதிய அதே குப்பியில் வையுங்கள். மெத்தனால் வேண்டாம் என்பவர்களுக்கு ஆல்கஹால் இல்லாத சென்சார் திரவங்களும் விற்பனைக்கு உண்டு. அவை காயச் சற்றுக் கூடுதல் நேரமாகும்.

ஸ்வாபின் அகலம் சென்சாரின் குறுகிய பக்கத்துக்குப் பொருந்த வேண்டும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 x 24 மி.மீ. என்பதால் உங்களுக்கு 24 மி.மீ. ஸ்வாப், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ. போதும். தூசியற்ற அறையில் தனித்தனியாக உறையிட்டு ஒட்டப்பட்டவை வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியும், பென்சில் நுனியில் சுற்றிய மைக்ரோஃபைபர் துணியும் எவ்வளவு சாமர்த்தியமாகத் தோன்றினாலும் வேண்டாம். பஞ்சு இழை விடும், துணியின் மடிப்பில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

துடைக்கும் முன் இன்னொரு முறை காற்றடியுங்கள். மணல் துகள் எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. ஸ்வாபின் விளிம்பில் இரண்டே சொட்டுத் திரவம் விட்டு, துணி முழுவதும் ஊறிப் பரவச் சில வினாடிகள் பொறுங்கள். சொட்டும் அளவுக்கு நனைந்தால் அந்த ஸ்வாபை எறிந்துவிடலாம், ஏனெனில் மிகுதித் திரவம் கண்ணாடியின் ஓரம் வழியே உள்ளே இறங்கினால் அதை எடுக்க வழியில்லை. குச்சியைச் சற்றுச் சாய்த்து இடது ஓரத்தில் வைத்து, பேப்பரில் பேனா எழுதும் அளவு அழுத்தத்தில், நுனி இலேசாக வளையும்படி, வலது ஓரம் வரை ஒரே சீராக இழுங்கள். நடுவில் நிறுத்தவோ திரும்பவோ கூடாது. வலது ஓரத்தில் எடுத்து, ஸ்வாபைத் திருப்பி அதன் சுத்தமான மறுமுகத்தால் வலமிருந்து இடமாக இன்னொரு இழுப்பு. அவ்வளவுதான், அந்த ஸ்வாபின் ஆயுள் முடிந்தது. விலை கொடுத்து வாங்கியது என்று மூன்றாவது முறை துடைத்தால், முதலிரண்டு முறை எடுத்த அழுக்கையே திருப்பித் தேய்க்கிறீர்கள். காய்ந்ததும் சோதனைப் படம் எடுங்கள். கோடு கோடாகத் தடம் தெரிந்தால் திரவம் மிகுந்துவிட்டது என்று பொருள். அடுத்த ஸ்வாபில் ஒரு சொட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஸ்வாபுக்குப் பிறகும் மூலையில் சிறியதாக ஒன்று மிஞ்சினால் விட்டுவிடுங்கள். அந்தக் கடைசிப் புள்ளிக்காகத்தான் பலர் அளவுக்கு மீறி அழுத்துகிறார்கள்.

கேமரா இந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கையேட்டைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். டிஎஸ்எல்ஆரில் மெனுவில் உள்ள சென்சார் துப்புரவு முறையால்தான் மிரரைத் தூக்கி ஷட்டரைத் திறக்க வேண்டும். பல்ப் முறையில் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு துடைத்தால், விரல் நழுவும் கணத்தில் ஷட்டர் ஸ்வாபின் மேல் மூடும். பேட்டரி தீர்ந்தாலும் இதே ஆபத்துதான். சோனி மிரர்லெஸ் கேமராக்களில் துப்புரவு முறையைத் தேர்ந்தெடுத்தால் சென்சார் சற்று அதிர்ந்துவிட்டு, கேமராவை அணைக்கச் சொல்லும். அணைத்த பின்பே துடைக்க வேண்டும். 2018-இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர் அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும். தூசி புகாமல் இருக்க நல்ல ஏற்பாடு, ஆனால் அதைச் சென்சார் என்று நினைத்துத் தொட்டாலோ அருகில் வைத்து ஊதினாலோ இதழ்கள் கெட்டுவிடும். 2021-இல் வந்த நிக்கான் இசட்9-இல் இதழ்கள் கொண்ட இயந்திர ஷட்டரே இல்லை. அதன் இடத்தில் தனிக் காப்புத் திரை மூடுகிறது. உங்கள் கேமராவில் சென்சாரை அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருந்தால், அணைத்த நிலையில் சென்சார் தளர்ந்து ஆடுவது பல மாடல்களில் இயல்பே; நிக்கான் இசட்6, இசட்7 போன்றவை மட்டும் அதைப் பூட்டி வைக்கின்றன. ஆடும் சென்சாரைத் துடைக்கும்போது அழுத்தத்தை இன்னும் குறைத்து, அது ஓரத்துக்கு ஒதுங்கினால் ஒதுங்கவிட்டு, இழுப்பின் வேகத்தைக் குறைக்க வேண்டும். விரலால் பிடித்து நிறுத்தக் கூடாது.

சர்வீஸ் சென்டரில் கொடுப்பது தோல்வி அன்று. பழையதாக வாங்கிய கேமராவுக்கு முதல்முறை அங்கே போவதில் ஒரு கூடுதல் நன்மையும் உண்டு: முன்னாள் உரிமையாளர் துடைத்துக் கீறியிருந்தால், அந்தக் கீறலை நீங்கள் செய்ததாக ஏற்க வேண்டியதில்லை. கொடுக்கும் முன் உங்கள் சோதனைப் படத்தைக் காட்டுங்கள். திரும்ப வாங்கும்போது அதே அமைப்பில் அவர்களை ஒரு படம் எடுக்கச் சொல்லி, அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். காற்றடித்துவிட்டு ஈரத் துடைப்புக்கான கட்டணத்தை வாங்குபவர்களும் இருக்கிறார்கள், அங்கீகாரப் பலகை தொங்கும் இடங்களிலும்கூட. பூஞ்சை, எந்தத் திரவத்துக்கும் கரையாத புள்ளி, கண்ணாடிக்கு அடியில் தெரியும் தூசி, திரும்பத் திரும்ப வரும் எண்ணெய் ஆகிய நான்குக்கும் நேராக அங்கேதான் போக வேண்டும். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் மிரரையும் ஃபோகஸிங் ஸ்கிரீனையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். மிரரின் வெள்ளிப் பூச்சு கண்ணாடியின் முன்பக்கத்திலேயே இருப்பதால் ஒரு துடைப்பிலேயே கீறும், ஸ்கிரீன் மென்மையான பிளாஸ்டிக்.

நீங்கள் சொன்ன கடற்கரைப் படங்களைப் பொறுத்தவரை, என் ஊகம் இரண்டு வகையும் கலந்திருக்கும் என்பதே. இப்போதைக்குப் புளோயரை மட்டும் வாங்கி, காற்றடித்து, இரண்டு சோதனைப் படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மிஞ்சியவை வட்டமாக இருந்தால், அவை கடற்கரையில் எந்தப் பயணத்துக்குப் பிறகு தோன்றின என்று பழைய படங்களில் தேடிப் பாருங்கள். தேதி தெரிந்தால் உப்பா எண்ணெயா என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். அதன் பிறகு ஸ்வாப் வாங்கினால் போதும். கையோடு பாடி கேப்பையும் லென்ஸ்களின் பின் மூடிகளையும் சோப்பு நீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, காற்றடித்து மாட்டுங்கள். அவற்றின் உட்பக்கத்தில் சேரும் பிளாஸ்டிக் துருவலும் பைக்குள்ளிருக்கும் நூலும்தான் பல கேமராக்களில் மறுபடி மறுபடி சென்சாருக்கு வந்து சேர்கின்றன.